சுவரைக் காப்பாற்றினால் போதுமா? பாங்க்சைட் மின் நிலையம் கலைக்கூடமான கதை

எங்களில் ஒருத்தியின் மாமா மகள் லண்டனில் இருக்கிறாள். ஒரு நாள் அவள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு நடைபாலம். பாலம் போய் முடியிற இடத்தில் மண்ணிறச் செங்கல்லால் கட்டின பென்னம்பெரிய கட்டடம், அதன் நடுவில் ஒற்றைப் புகைபோக்கி. "என்ன மச்சாள், ஃபக்டரி வேலைக்குப் போறியோ?" என்று கேட்டோம். "இல்லையடி, இது ஆர்ட் கலரி. உள்ளுக்குப் போகக் காசும் இல்லை" என்று பதில் வந்தது.

அந்தக் கட்டடம்தான் டேட் மொடர்ன். உலகத்தில் ஆட்கள் கூடுதலாகப் போய்ப் பார்க்கிற நவீன கலைக்கூடங்களில் ஒன்று. எங்களில் ஒருவரும் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மின் நிலையம் எப்படிக் கலைக்கூடமானது என்று தேடி வாசிக்கத் தொடங்கினால், அது கட்டடக் கலையோடு மட்டும் நிற்கிற கதை இல்லை என்பது விளங்கியது. எரிபொருள், சீனி, காணி விலை, நீதிமன்றம் என்று எல்லாம் வருகிறது. பழைய கட்டடமொன்றைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது உண்மையில் எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வியும் வருகிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் மின் நிலையத்தின் கதை. பாங்க்சைட் என்பது லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரை. நதிக்கு அந்தப் பக்கம், வடகரையில், நகரத்தின் பணமும் அதிகாரமும். நேர் எதிரே புனித பவுல் பேராலயம். தென்கரையில் களஞ்சியங்கள், தொழிற்சாலைகள், உழைக்கும் மக்களின் குடியிருப்புகள். 1891ஆம் ஆண்டிலிருந்தே அங்கு நிலக்கரியில் ஓடுகிற ஒரு மின் நிலையம் இருந்தது. வெளிச்சம் அக்கரைக்கு, புகையும் கரியும் இக்கரைக்கு என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அயலில் இருந்தவர்கள் அந்தப் புகையைப் பற்றி முறைப்பாடு செய்துகொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரித்தானியாவில் மின்சாரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த கடுங்குளிரில் நிலக்கரி போய்ச் சேரவில்லை. மின்வெட்டு, மூடின தொழிற்சாலைகள், இருட்டு வீடுகள். அந்த நெருக்கடிக்குள்தான் பாங்க்சைட்டில் புதிய மின் நிலையம் கட்ட அனுமதி கிடைத்தது. பேராலயத்துக்கு நேர் எதிரே ஒரு மின் நிலையமா என்று எதிர்ப்பு வராமல் இல்லை. நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடும், புகையைத் தேம்ஸ் தண்ணீரால் கழுவித்தான் வெளியே விடுவோம் என்று சமாதானம் சொல்லப்பட்டது.

கட்டடத்தை வரைந்தவர் சேர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட். லண்டன் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருகிற அந்தச் சிவப்பு ரெலிபோன் பெட்டியை வடிவமைத்தவரும் இவர்தான். லிவர்பூலின் அங்கிலிக்கன் பேராலயமும் இவருடையது. மின் நிலையத்தையும் அவர் ஒரு கோயில் மாதிரித்தான் யோசித்தார் போல. உருக்குச் சட்டத்தால் எலும்புக்கூடு, அதன் மேல் 42 இலட்சம் செங்கற்களால் தோல். வழக்கமாக மின் நிலையங்களுக்கு இரண்டு மூன்று புகைபோக்கிகள் இருக்கும். இங்கே எல்லாவற்றையும் ஒன்றாக்கி நடுவில் ஒரேயொரு புகைபோக்கி. அதன் உயரம் 99 மீற்றர். எதிரே இருக்கிற பேராலயத்தின் உயரம் 111 மீற்றர். தொழிற்சாலை கோயிலை விட உயரக்கூடாது என்பது கணக்கு.

கட்டடம் இரண்டு கட்டமாக எழும்பியது. மேற்குப் பாதி 1952இல் வேலை செய்யத் தொடங்கியது. கிழக்குப் பாதி முடிய 1963 ஆகிவிட்டது. உள்ளே மூன்று நீளப் பட்டைகள் இருந்தன. நதிப் பக்கம் கொதிகலன் கூடம், நடுவில் டேர்பைன்கள் சுழன்ற கூடம், தெற்கே மின்சாரத்தைப் பிரித்து அனுப்பின பகுதி. தெற்கு நிலத்துக்கு அடியில் எண்ணெய் சேமித்து வைக்கிற வட்டமான பெரிய தாங்கிகள்.

எண்ணெயைத் தெரிவு செய்ததுதான் அதற்கு வினையானது. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெயில் ஓடுகிற மின் நிலையம் கட்டுப்படியாகாமல் போனது. 1981இல் பாங்க்சைட் மூடப்பட்டது. ஒரு எரிபொருள் நெருக்கடியில் பிறந்த கட்டடம் இன்னொரு எரிபொருள் நெருக்கடியில் செத்தது. 2022இல் பெற்றோல் வரிசையிலும் மின்வெட்டிலும் காலம் தள்ளின எங்களுக்கு இந்த வரியைக் கடந்து போக லேசில் முடியவில்லை. கிழக்குப் பாதி முழுதாக இருபது வருஷம்கூட ஓடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் கட்டடம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எல்லாரும் புகழ்கிற கட்டடம்தான், அன்றைக்கு அதற்கு மதிப்பு இருக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நகரத்தின் நடுவே, நதிக்கரையில் அப்படியொரு காணி என்றால் இடித்துவிட்டு வேறு கட்ட ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவிருக்காது. 1993இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கட்டட வரலாற்றாசிரியர் கவின் ஸ்டாம்ப் இதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டார். அவரைப் போல சிலர் தொடர்ந்து கதைத்திருக்காவிட்டால் இன்றைக்கு அந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள்தான் நின்றிருக்கும்.

இப்ப கதைக்குள் சீனி வருகிறது. ஹென்றி டேட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனி சுத்திகரிப்பில் பணக்காரரானவர். சீனியைச் சின்னக் கட்டிகளாக்கி விற்றது அவருக்குப் பெரிய லாபம் தந்தது. தன்னிடமிருந்த ஓவியங்களையும், கட்டடம் கட்டப் பணத்தையும் அவர் நாட்டுக்குக் கொடுத்தார். அப்படி 1897இல் மில்பாங்க் என்ற இடத்தில், பழைய சிறைச்சாலை இருந்த காணியில், டேட் கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஹென்றி டேட் அடிமைகளை வைத்திருந்தவர் அல்ல. பிரித்தானியா அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த 1833இல் அவருக்கு 14 வயது. ஆனால் அவர் தொழில் செய்த சீனி வர்த்தகம் முழுக்க அடிமை உழைப்பின் மேல் எழும்பினது. அடிமை முறை போன பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். மொரிசியஸ், நேட்டால், பிஜி, கயானா என்று அந்தப் பட்டியல் போகும். தேயிலைக்காக மலையகத்துக்கு நடந்து வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

1990களில் மில்பாங்க் கட்டடத்தில் இடம் போதவில்லை. பிரித்தானிய ஓவியங்களும் உலக நவீன கலையும் ஒரே கூரைக்குக் கீழ் நெருக்கிக்கொண்டு கிடந்தன. நியூயோர்க்குக்கும் பாரிஸுக்கும் நவீன கலைக்கென்று தனிக் கூடங்கள் இருந்தன, லண்டனுக்கு இல்லை. நவீன கலைக்குத் தனியாக ஒரு கூடம் வேண்டும் என்று டேட் நிர்வாகம் 1992 டிசம்பரில் அறிவித்தது. அப்போது இயக்குநராக இருந்தவர் நிக்கலஸ் செரோட்டா. 1994 ஏப்ரலில் பாங்க்சைட்தான் இடம் என்று முடிவானது. பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்குவது அவர்களுக்குப் புது யோசனையும் இல்லை. 1988இல் லிவர்பூல் துறைமுகத்தின் பழைய களஞ்சியம் ஒன்றில் ஏற்கெனவே ஒரு கிளை திறந்திருந்தார்கள். பாரிஸில் ஒரு ரயில் நிலையம் 1986இல் ஓர்சே அருங்காட்சியகமாக மாறியிருந்தது.

சர்வதேசப் போட்டி வைத்தார்கள். 148 விண்ணப்பங்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த ஆறு பேரில் ததாவோ அந்தோ, ரெம் கூல்ஹாஸ், ரென்சோ பியானோ போன்ற பெரிய பெயர்கள் இருந்தன. ஆனால் 1995 ஜனவரியில் வென்றது ஜாக் ஹேர்சொக், பியேர் டி மெய்ரோன் என்ற இரண்டு சுவிஸ்காரர்களின் நிறுவனம். அப்போது அவர்களுக்கு உலக அளவில் அவ்வளவு பெயர் இல்லை.

அவர்கள் அப்படி என்ன செய்தார்கள்? எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான். அவர்கள் கட்டினதை விட கட்டாமல் விட்டதுதான் முக்கியம். கொதிகலன்கள் இருந்த பக்கத்தில் ஏழு தளங்கள் போட்டு காட்சி அறைகளை வைத்தார்கள். கூரைக்கு மேல் கட்டடத்தின் நீளத்துக்கு இரண்டு மாடிக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்தார்கள்; இரவில் அது ஒளிக்கற்றை மாதிரித் தெரியும். ஆனால் நடுக் கூடத்தில் இருந்த இயந்திரங்களை எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்பவில்லை. மாறாக, தரைத் தளத்தையும் உடைத்து எடுத்து, நிலவறை மட்டம் வரைக்கும் திறந்துவிட்டார்கள். 35 மீற்றர் உயரம், 150 மீற்றருக்கு மேல் நீளம், உள்ளே ஒன்றுமே இல்லை. மேற்கு வாசலால் போனால் ஒரு அகலமான சரிவுப் பாதை உங்களை அந்த வெறுமைக்குள் மெதுவாக இறக்கும். டேர்பைன் கூடம் என்ற பழைய பெயரையே அதற்கு வைத்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காணி விலை அந்தளவுக்கு இருக்கிற நகரத்தின் நடுவில், 13 கோடியே 40 இலட்சம் பவுண் செலவழித்து, கட்டடத்தின் பெரும் பகுதியை வெறுமையாக விடுகிறது என்றால் அதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தப் பணத்தில் 5 கோடி பவுண் தேசிய லொத்தரில் இருந்து மில்லேனியம் ஆணைக்குழு மூலமாக வந்தது. அதாவது லொத்தர் சீட்டு வாங்கின சாதாரண ஆட்களின் காசு. அந்த ஆட்களுக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு மழைக்கு ஒதுங்கக்கூடிய பொது முற்றம் என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். வாசலில் ரிக்கெற் கேட்க மாட்டார்கள். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் கட்டணம்.

2000 மே 11இல் எலிசபெத் மகாராணி திறந்து வைத்தார். அடுத்த நாள் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வருஷத்துக்கு 20 இலட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முதல் வருஷத்திலேயே 50 இலட்சத்தைத் தாண்டியது. பேராலயத்தில் இருந்து நடந்து வர மில்லேனியம் பாலத்தை ஜூனில் திறந்தார்கள். கூட்டம் ஏறின உடனே அது ஆடத் தொடங்கி, இரண்டு நாளில் மூடினது தனிக் கதை. 2002 பெப்ரவரியில்தான் திருத்தி மறுபடி திறந்தார்கள். மச்சாள் அனுப்பின படத்தில் இருந்தது அந்தப் பாலம்தான்.

உள்ளே ஓவியங்களை வைத்த முறையும் பேச்சானது. வழக்கமாக அருங்காட்சியகங்களில் கால வரிசையில் வைப்பார்கள். இங்கே நிலக்காட்சி, பொருட்கள், வரலாறு, உடல் என்று நான்கு தலைப்புகளில் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதுமை என்று சிலர் பாராட்டினார்கள். சேகரிப்பில் இருக்கிற ஓட்டைகளை மறைக்கிற தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஆனால் சனம் கதைத்தது டேர்பைன் கூடத்தைப் பற்றித்தான். 2003இல் ஓலாஃபர் எலியாசன் அதற்குள் ஒரு செயற்கைச் சூரியனைத் தொங்கவிட்டார். மஞ்சள் விளக்குகள், மெல்லிய பனிப்புகை, கூரை முழுக்கக் கண்ணாடி. ஆட்கள் தரையில் படுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே மேலே பார்த்தார்கள். ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். மின்சாரம் செய்த இடத்தில் மின்சாரத்தால் ஒரு சூரியன்!

இதுவரைக்கும் நல்ல கதை. இனி எங்களுக்குக் குழப்பமாக இருக்கிற விஷயங்களுக்கு வருவோம்.

ஒன்று, உழைத்தவர்கள். இந்தக் கட்டடத்தைப் பற்றி நாங்கள் வாசித்ததில் கட்டடக் கலைஞர்களின் பெயர் இருந்தது, இயக்குநரின் பெயர் இருந்தது, பணம் கொடுத்தவர்களின் பெயர் சுவரிலேயே இருக்கிறது. கொதிகலன் பக்கத்தில் நின்று வேர்த்த ஒருவரின் பெயரும் எங்கள் கண்ணில் படவில்லை. 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் இந்தக் கூடத்தின் தரையில் 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். எல்லாம் பீங்கானில் செய்து, கையால் நிறம் தீட்டினவை. ஜிங்டெஜென் என்ற ஊரில் 1,600 கைவினைஞர்கள் செய்தது. ஆட்கள் அதன் மேல் நடக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். சில நாட்களில் பீங்கான் தூசு உடலுக்குக் கேடு என்று நடக்க விடுவதை நிறுத்தினார்கள். இதில் எங்களுக்குப் பட்டது இதுதான்: ஒரு காலத்தில் இதே இடத்தில் கரியும் தூசும் அயலவர்களின் அன்றாடம். அது நினைவில் இல்லை. தொலைதூரத்து உழைப்பு கலையாக வந்தால் பார்க்கிறோம். நாங்கள் நிற்கிற தரையின் உழைப்பைப் பார்ப்பதில்லை.

இரண்டு, எண்ணெய். எண்ணெய் விலையால் மூடின கட்டடத்தில் எழும்பின நிறுவனத்துக்கு 1990இல் இருந்து 2017 வரைக்கும் எண்ணெய்க் கொம்பனியான பிபி அனுசரணை கொடுத்தது. இதை எதிர்த்துக் கலைஞர்கள் 2010இல் லிபரேட் டேட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 2012 ஜூலையில் அவர்கள் 16.5 மீற்றர் நீளமான காற்றாலை அலகு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, டேர்பைன் கூடத்தின் தரையில் வைத்து, இது எங்கள் அன்பளிப்பு, சேகரிப்பில் சேருங்கள் என்றார்கள். டேர்பைன் எல்லாம் கழற்றி எடுத்த கூடத்துக்கு ஒரு டேர்பைனின் துண்டு திரும்பி வந்தது. அதே மாதத்தில்தான் நிலத்துக்கு அடியில் இருந்த பழைய எண்ணெய்த் தாங்கிகளும் நிகழ்த்து கலைக்கான கூடங்களாகத் திறக்கப்பட்டன.

மூன்று, அயல். கலைக்கூடம் வந்த பிறகு பாங்க்சைட்டின் முகம் மாறியது. களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் இருந்த கரையில் உணவகங்கள், அலுவலகங்கள், விலை கூடிய தொடர்மாடி வீடுகள் வந்தன. 2012இல் கூடத்துக்குப் பக்கத்திலேயே நியோ பாங்க்சைட் என்ற கண்ணாடிக் கோபுரங்கள் கட்டி முடிந்தன. 2016 ஜூனில் டேட் தன் தெற்குப் பக்கத்தில் பத்து மாடிப் புதுக் கட்டடம் திறந்தது. அதன் உச்சியில் எல்லாரும் இலவசமாக ஏறி லண்டனைப் பார்க்க ஒரு மாடம். ஏறினவர்களுக்குக் கோபுர வீடுகளின் வரவேற்பறையும் தெரிந்தது. ஐந்து வீட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூடத்தின் பக்கம் நின்றன. 2023 பெப்ரவரி 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீட்டுக்காரர்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த வீட்டுக்காரர்களின் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் உங்கள் வீட்டுக்குள் கமராவை நீட்டினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் வேறொன்றும் தோன்றுகிறது. 1890களில் புகைக்கு முறைப்பாடு செய்த ஏழைகள் எத்தனை காலம் காத்திருந்தார்கள்? அதே கரையில் இப்போது முறைப்பாடு செய்யிறவர்கள் வேறு ஆட்கள். சத்தமும் புகையும் போய் வெளிச்சம் வந்த போது, புகைக்குள் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வெளிச்சத்தில் இருக்க முடிந்தது?

அப்ப இந்த மாற்றம் பிழை என்று சொல்கிறோமா? இல்லை. இடித்திருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு இடமே இருந்திருக்காது. கண்ணாடிக் கோபுரத்துக்குள் காற்றாலை அலகைச் சுமந்துகொண்டு போக யாரும் விட மாட்டார்கள். டேட் மொடர்னின் பெருமை பழைய சுவரைக் காப்பாற்றினதில் மட்டும் இல்லை. அந்த வெறுமையைக் காப்பாற்றினதிலும், அதைக் காசில்லாமல் திறந்து வைத்ததிலும்தான் இருக்கிறது. சுவரைக் காப்பாற்றினால் கட்டடம் மிஞ்சும். வாசலைத் திறந்து வைத்தால்தான் அதன் கடன்களைக் கேட்க ஆட்கள் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. 2007இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ டேர்பைன் கூடத்தின் கொங்கிரீட் தரையில் 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கினார். வாசல் பக்கம் மயிரிழையாகத் தொடங்கி, போகப் போக அகலமாகி ஆழமாகும். எல்லைகளைக் கடந்து வந்தும் உள்ளே சேர்த்துக்கொள்ளப்படாத மனிதர்களைப் பற்றியது அந்த வேலை. கண்காட்சி முடிந்ததும் வெடிப்பைச் சீமெந்தால் நிரப்பினார்கள். ஆனால் தழும்பு போகவில்லை. இன்றைக்கும் அந்தத் தரையில் அது தெரியும்.

மச்சாளிடம் சொல்லியிருக்கிறோம், அடுத்த முறை போகும்போது புகைபோக்கியைப் படம் எடுக்க வேண்டாம், குனிந்து தரையில் அந்தத் தழும்பைப் படம் எடுத்து அனுப்பு என்று.